முகவரி தரும் மதிப்பெண்: அமெரிக்கப் புறநகர்ப் பள்ளி மாவட்டங்களின் ஒப்பீடு

அமெரிக்காவில் பள்ளி மாவட்டம் என்பது ஏறத்தாழ ஒரு சிற்றரசு. மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த பள்ளி வாரியம் அதை ஆள்கிறது. வாரியம் நியமிக்கும் சூப்பரின்டென்டென்ட் அதை நடத்துகிறார். ஆசிரியர்களை வேலைக்கு எடுப்பது, சம்பளம் பேசி முடிப்பது, எந்த வகுப்பில் எந்தப் பாடம் என்று வகுப்பது, எந்தத் தெருப் பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போக வேண்டும் என்று கோடு கிழிப்பது எல்லாம் பெரும்பாலும் அதன் கையில். பல மாநிலங்களில் வீடுகள் மீது வரி விதிக்கும் உரிமையும் அதற்கு உண்டு. தமிழ்நாட்டின் வருவாய் மாவட்டத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இப்படிப்பட்ட மாவட்டங்கள் அந்நாட்டில் சுமார் 13,000 இருக்கின்றன.

அளவில் இவற்றுக்குள் ஒரு முறைமையும் இல்லை. மேரிலாந்து மாநிலம் முழுவதற்கும் 24 பள்ளி மாவட்டங்கள்தான். மாநிலத்தின் உட்பிரிவான ஒவ்வொரு கவுண்டிக்கும் ஒன்று, பால்டிமோர் நகரத்துக்குத் தனியே ஒன்று. நியூயார்க் நகரத்தின் கிழக்கே கிடக்கும் லாங் ஐலண்டிலோ இரண்டே கவுண்டிகளுக்குள் 120-க்கும் மேற்பட்ட பள்ளி மாவட்டங்கள். நியூ ஜெர்சியில் அந்த எண்ணிக்கை 600-ஐ நெருங்குகிறது. மாவட்டங்கள் சிறுத்துப் பெருகும் இடங்களில் பணக்காரக் குடும்பங்கள் ஒரு கோட்டுக்குள்ளும் ஏழைக் குடும்பங்கள் அடுத்த கோட்டுக்குள்ளும் தனித்தனியே சேர்ந்துவிடுவது எளிது. புறநகர்ப் பள்ளிகளை ஒப்பிடும் எந்த ஆய்வும் இந்த எல்லைக்கோடுகளிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. அவை இயற்கை வகுத்த ஆறோ மலையோ அல்ல; மனிதர்கள், பெரும்பாலும் 20-ஆம் நூற்றாண்டில், தெரிந்தே வரைந்தவை.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அரசு உத்தரவாதம் பெற்ற வீட்டுக் கடன்களும் 1956-க்குப் பின் போடப்பட்ட பெருநெடுஞ்சாலைகளும் நகரத்தை விட்டு வெளியே புதிய ஊர்களை எழுப்பின. அந்தக் கடன்கள் பல ஆண்டுகள் கறுப்பினக் குடும்பங்களுக்குக் கிடைக்கவில்லை. நில வகைப்பாட்டுச் சட்டங்களும் சேர்ந்துகொண்டன. ஓஹாயோவின் யூக்ளிட் என்ற புறநகர் தொடர்புடைய வழக்கில் 1926-இல் உச்ச நீதிமன்றம் அத்தகைய சட்டங்கள் செல்லும் என்றது. அதன் பின் எத்தனையோ புறநகர்கள், வீட்டு மனை இவ்வளவு பரப்புக்குக் குறையக் கூடாது, அடுக்குமாடி கட்டக் கூடாது என்று விதி எழுதின. யாருடைய பெயரையும் குறிப்பிடாத அந்த விதி, சிறிய வீடு வாங்கும் வசதி மட்டுமே உள்ளவரை ஊருக்குள் விடவில்லை. ஊருக்குள் வர முடியாத குடும்பத்தின் பிள்ளை அந்த ஊர்ப் பள்ளிக்குள்ளும் வர முடியாது.

இந்த ஏற்பாட்டில் பணம் எப்படிப் பாய்ந்தது என்பதை டெக்சாஸின் சான் அந்தோனியோ நகரத்தைப் போல் தெளிவாகக் காட்டும் இடம் வேறில்லை. அந்த நகர வட்டாரத்தில் எட்ஜ்வுட், அலமோ ஹைட்ஸ் என்று இரண்டு பள்ளி மாவட்டங்கள். 1960-களின் பிற்பகுதியில் எட்ஜ்வுட்டில் 25 பள்ளிகள், 22,000 மாணவர்கள். பத்தில் ஒன்பது பேர் மெக்சிகோ வழிவந்தவர்கள். அலமோ ஹைட்ஸில் ஆறு பள்ளிகள், 5,000 மாணவர்கள், பெரும்பாலும் வெள்ளையர்கள். 1967-68 கல்வியாண்டில் எட்ஜ்வுட் மக்கள் சொத்து மதிப்பில் நூறு டாலருக்கு 1.05 டாலர் வரி கட்டினார்கள். வட்டாரத்திலேயே அதிக விகிதம் அதுதான். அலமோ ஹைட்ஸில் 85 சென்ட் மட்டும். ஆனால் எட்ஜ்வுட்டில் மாணவர் ஒருவருக்கு 5,960 டாலர் சொத்து மதிப்பே இருந்தது. அலமோ ஹைட்ஸில் 49,000 டாலருக்கு மேல். ஆகவே கூடுதல் வரி கட்டிய ஏழை ஊருக்கு உள்ளூர் வரியிலிருந்து பிள்ளைக்கு 26 டாலர் கிடைத்தது. குறைந்த வரி கட்டிய பணக்கார ஊருக்கு 333 டாலர். மாநில, மத்திய அரசுப் பணத்தைச் சேர்த்த பிறகும் கணக்கு 356-க்கு 594 என்றே நின்றது. எட்ஜ்வுட் ஆசிரியர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் முழுத் தகுதி பெறாமல் தற்காலிக அனுமதியில் பாடம் நடத்தியவர்கள்.

1968 மே மாதத்தில் எட்ஜ்வுட் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் சுமார் 400 பேர் வகுப்பை விட்டு வெளியேறினார்கள். பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள். விமானப்படைத் தளத்தில் உலோகத் தகடு வேலை செய்த டெமெட்ரியோ ரொட்ரிகஸ் பெயரில் அது உச்ச நீதிமன்றம் வரை போனது. 1973-இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் பெற்றோர் தோற்றார்கள். அமெரிக்க அரசியலமைப்பு கல்வியை அடிப்படை உரிமையாக உறுதியளிக்கவில்லை என்று பெரும்பான்மை நீதிபதிகள் கூறினர். அடுத்த ஆண்டே டெட்ராய்ட் வழக்கில், நகரத்துப் பள்ளிகளையும் சுற்றியுள்ள 53 புறநகர் மாவட்டங்களையும் சேர்த்து இனப் பிரிவினையைக் களையும் திட்டத்தை அதே நீதிமன்றம், அதே ஐந்துக்கு நான்கு கணக்கில் தள்ளுபடி செய்தது. இரண்டிலும் நீதிபதி தர்குட் மார்ஷல் எதிர்த்து எழுதினார். முதல் தீர்ப்பு மாவட்ட எல்லையைத் தாண்டிப் பணம் போக வேண்டிய கட்டாயத்தை நீக்கியது. இரண்டாவது, எல்லையைத் தாண்டிப் பிள்ளைகள் போவதைத் தடுத்தது. இன்றைய புறநகர் வரைபடம் இந்த இரண்டு தீர்ப்புகளின் மேல் நிற்கிறது என்றால் மிகையில்லை.

பிறகு போராட்டம் மாநில நீதிமன்றங்களுக்கு நகர்ந்தது. கலிஃபோர்னியாவில் 1971-லேயே பெவர்லி ஹில்ஸையும் பால்ட்வின் பார்க்கையும் ஒப்பிட்ட வழக்கில் பெற்றோர் வென்றிருந்தார்கள். டெக்சாஸ் உச்ச நீதிமன்றமும் 1989-இல் எட்ஜ்வுட்டின் பக்கம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 1993 முதல் அங்கே சொத்து மிகுந்த மாவட்டங்களின் வரியில் ஒரு பகுதி மற்றவற்றுக்குப் போகிறது. மக்கள் அதை ‘ராபின் ஹூட்’ சட்டம் என்கிறார்கள். இன்று நாடு முழுவதும் சேர்த்துப் பார்த்தால் பள்ளிச் செலவில் மாநிலமும் உள்ளூரும் ஏறத்தாழச் சமபங்கு ஏற்கின்றன. மத்திய அரசின் பங்கு வழக்கமாகப் பத்தில் ஒன்று அளவுதான்.

பணத்தில் இருந்த இடைவெளி ஓரளவு குறைந்த பிறகும் மதிப்பெண்ணில் இருந்த இடைவெளி ஏன் அப்படியே நிற்கிறது? இந்தக் கேள்விக்கு முதல் பெரிய பதில் 1966-இலேயே வந்தது. சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன் தலைமையிலான குழு சுமார் 4,000 பள்ளிகளில் 6 லட்சம் அளவிலான மாணவர்களை ஆராய்ந்தது. கட்டடமும் நூலகமும் ஆய்வகமும் வித்தியாசத்தை உண்டாக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு அறிக்கை அதிர்ச்சியாக இருந்தது. மாணவரின் தேர்ச்சியோடு மிக நெருங்கிய தொடர்பு குடும்பப் பின்னணிக்கு இருந்தது. அதற்கு அடுத்து, உடன் படிக்கும் பிள்ளைகளின் பின்னணிக்கு. ‘பள்ளிக்கூடத்தால் ஒன்றும் ஆகாது’ என்று சொல்வதற்கு இந்த அறிக்கையைப் பலர் மேற்கோள் காட்டினார்கள். அந்த வாசிப்பு தவறு என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஷான் ரியர்டன் திரட்டிய தரவு அவற்றுள் முக்கியமானது. மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளி மாணவர் அனைவரும் எழுதும் மாநிலத் தேர்வுகளின் முடிவுகளை, 11,000-க்கும் மேற்பட்ட மாவட்டங்களுக்கு, ஒரே அளவுகோலில் அவர் குழு கொண்டுவந்தது. 2016-இல் வெளியான முதல் முடிவு கோல்மன் சொன்னதை உறுதிப்படுத்தியது: மிகப் பணக்கார மாவட்டங்களின் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் மிக ஏழை மாவட்டங்களின் பிள்ளைகளைவிட ஏறத்தாழ நான்கு வகுப்பு அளவு முன்னே இருந்தார்கள். ஆனால் அதே தரவை வேறு விதமாகவும் படிக்கலாம். ஒரு மாவட்டத்தின் சராசரி எங்கே நிற்கிறது என்று பார்ப்பது ஒன்று. மூன்றாம் வகுப்பில் இருந்த இடத்திலிருந்து எட்டாம் வகுப்புக்குள் பிள்ளைகள் எவ்வளவு தூரம் நகர்ந்தார்கள் என்று பார்ப்பது இன்னொன்று. சராசரி, குடும்ப வருமானத்தோடு ஒட்டிக்கொண்டே போகிறது. வளர்ச்சியோ அப்படி இல்லை. வருமானத்தோடு அதற்குள்ள தொடர்பு மிகத் தளர்வானது. ஏழை மாணவர்கள் நிறைந்த சிகாகோ நகரத்தில் 2009-2014 காலத்தில் பிள்ளைகள் ஐந்து ஆண்டுகளில் ஆறு ஆண்டு அளவு கற்றார்கள். நாட்டின் பெரிய மாவட்டங்களில் அதைவிட வேகமான வளர்ச்சி காண்பது அரிது.

இதன் பொருளை நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும். மூன்றாம் வகுப்பு மதிப்பெண் என்பது பெரும்பாலும் பிள்ளை பள்ளிக்கு எடுத்துவந்த மூட்டை: வீட்டில் கேட்ட சொற்கள், போன மழலையர் பள்ளி, தாயின் உடல்நலம், வாடகைக்கு அஞ்சாத உறக்கம். எட்டாம் வகுப்புக்குள் அதில் சேர்ந்ததில்தான் பள்ளியின் கைவேலை தெரிகிறது. மூட்டையின் கனத்தை வைத்துப் பள்ளியைப் புகழ்வதும் பழிப்பதும் இரண்டுமே பிழை. ஆயினும் வீடு விற்கும் இணையதளங்கள் காட்டும் பத்துக்கு இத்தனை என்ற தர எண், நெடுங்காலம் இந்தச் சராசரியையே பெரிதும் நம்பி வந்தது.

அந்த எண்ணுக்கு விலை உண்டு. பொருளியல் அறிஞர் சாண்ட்ரா பிளாக் 1999-இல் பாஸ்டன் புறநகர்களில் ஒரு நுட்பமான ஒப்பீட்டைச் செய்தார். ஒரே மாவட்டத்துக்குள், ஒரே தெருவோரத்தில், பள்ளி எல்லைக்கோட்டின் இரு பக்கமும் நிற்கும் வீடுகளை மட்டும் எடுத்துக்கொண்டார். அக்கம்பக்கம் ஒன்றே, வரி ஒன்றே, பள்ளி மட்டும் வேறு. தேர்வு மதிப்பெண் 5 விழுக்காடு கூடினால் பெற்றோர் வீட்டுக்கு 2.5 விழுக்காடு கூடுதலாகக் கொடுக்கத் தயாராக இருந்தார்கள். கோட்டை விட்டுப் பரந்து பார்த்தால் வேறுபாடு மலைக்க வைக்கிறது. ப்ரூக்கிங்ஸ் நிறுவனம் 2012-இல் வெளியிட்ட ஆய்வின்படி, பெருநகர வட்டாரங்களில் உயர் மதிப்பெண் பள்ளிக்கருகே குடியிருக்க ஆகும் செலவு, தாழ் மதிப்பெண் பள்ளிக்கருகே ஆவதைப் போல 2.4 மடங்கு, ஆண்டுக்கு ஏறத்தாழ 11,000 டாலர் அதிகம். கட்டணம் இல்லாத பள்ளி என்று பெயர். கட்டணம் வாடகையில் ஒளிந்திருக்கிறது. 2011-இல் ஓஹாயோவின் அக்ரன் நகரத்தில், தன் தந்தையின் புறநகர் முகவரியைக் கொடுத்துப் பிள்ளைகளை அங்குள்ள பள்ளியில் சேர்த்த ஒரு தாய்க்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. ஒரு தாய் பிள்ளையின் படிப்புக்காகச் சிறை போக நேர்ந்தது அந்த ஏற்பாட்டின் முகத்தை நாடு முழுவதற்கும் காட்டியது.

அப்படியானால் ஏழைப் பிள்ளைக்குப் பணக்காரப் புறநகர்ப் பள்ளியில் இடம் கொடுத்தால் என்ன நடக்கும்? வாஷிங்டனை ஒட்டிய மான்ட்கோமரி கவுண்டி இதற்கு அபூர்வமான விடை வைத்திருக்கிறது. அங்கே 1970-களின் தொடக்கத்திலேயே ஒரு சட்டம் வந்தது: பெரிய குடியிருப்பு கட்டும் எவரும் அதில் ஒரு பங்கு வீடுகளைக் குறைந்த விலைக்கு ஒதுக்க வேண்டும், அவற்றில் மூன்றில் ஒன்று வரை கவுண்டியின் வீட்டு வசதி அமைப்பு வாங்கி ஏழைக் குடும்பங்களுக்கு வாடகைக்கு விடலாம். எந்தக் குடும்பத்துக்கு எந்த வீடு என்பது ஏறத்தாழக் குலுக்கல் முறை. ஆகவே ஒரே மாதிரியான ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகள், சிலர் வசதியான பள்ளிகளிலும் சிலர் வறுமை கூடிய பள்ளிகளிலும் தற்செயலாய்ச் சேர்ந்தார்கள். நல்ல பெற்றோர்தான் நல்ல பள்ளியைத் தேடிப் போனார்கள் என்ற வழக்கமான சந்தேகத்துக்கு இங்கே இடம் இல்லை.

ஹீதர் ஷ்வார்ட்ஸ் என்ற ஆய்வாளர் இத்தகைய 850-க்கும் மேற்பட்ட பிள்ளைகளை 2001 முதல் 2007 வரை பின்தொடர்ந்து, 2010-இல் முடிவை வெளியிட்டார். இன்னொரு காரணத்தாலும் இந்த ஆய்வு விலைமதிப்பற்றது. அதே காலத்தில் மாவட்டம் தன் வறுமை மிகுந்த பள்ளிகளுக்குத் தலைக்குச் சுமார் 2,000 டாலர் கூடுதலாகச் செலவிட்டு, வகுப்பைச் சிறிதாக்கி, முழுநாள் மழலையர் வகுப்பு நடத்தி வந்தது. எனவே கூடுதல் பணமா, கலந்து படிப்பதா என்ற இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க முடிந்தது. முதல் ஓரிரு ஆண்டுகளில் வேறுபாடு தெரியவில்லை. தொடக்கப் பள்ளி முடியும்போது தெரிந்தது: வசதியான பள்ளிகளில் படித்த ஏழைப் பிள்ளைகளுக்கும் மாவட்டத்தின் வசதியுள்ள பிள்ளைகளுக்கும் இடையே இருந்த தூரம் கணிதத்தில் பாதியாகவும் வாசிப்பில் மூன்றில் ஒரு பங்கும் குறைந்திருந்தது. கூடுதல் பணம் பெற்ற பள்ளிகளில் படித்தவர்களை அவர்கள் முந்தியிருந்தார்கள்.

இதைக் கொண்டு பணத்தால் பயனில்லை என்று முடிவு கட்டவும் கூடாது. நீதிமன்றங்கள் உத்தரவிட்டதால் செலவு உயர்ந்த மாவட்டங்களின் பிள்ளைகளை அவர்கள் பெரியவர்களாகும் வரை தொடர்ந்த ஓர் ஆய்வு, கிராபோ ஜாக்சன், ரக்கர் ஜான்சன், கிளாடியா பெர்சிகோ மூவரும் 2016-இல் வெளியிட்டது. பன்னிரண்டு ஆண்டும் செலவு 10 விழுக்காடு கூடியிருந்தால், அந்தப் பிள்ளைகள் வளர்ந்த பிறகு ஈட்டும் ஊதியம் சுமார் 7 விழுக்காடு கூடியது. ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குப் பயன் அதைவிட அதிகம். பணம் வேலை செய்கிறது, ஆனால் மெதுவாக, அதுவும் நெடுங்காலம் தொடர்ந்து வந்தால்தான். ஒன்றிரண்டு ஆண்டுத் திட்டத்தை எடைபோட்டுவிட்டுக் கைவிடும் நிர்வாகங்கள் பெரும்பாலும் இதைக் கவனிப்பதில்லை.

பணம் எதன் வழியே வேலை செய்கிறது என்று கேட்டால், முதல் பதில் ஆசிரியர். ராஜ் செட்டி, ஜான் ஃப்ரீட்மன், ஜோனா ராக்காஃப் ஆகியோர் ஒரு பெருநகர மாவட்டத்தின் சுமார் 25 லட்சம் பிள்ளைகளின் பள்ளிப் பதிவுகளையும் பிற்கால வருமானப் பதிவுகளையும் இணைத்துப் பார்த்தார்கள். ஒரே பள்ளிக்குள்ளேயே, அடுத்தடுத்த வகுப்பறைகளில், ஆசிரியருக்கு ஆசிரியர் பெரிய வேறுபாடு இருந்தது. மாணவர் மதிப்பெண்ணை உயர்த்திய ஆசிரியரிடம் ஓராண்டு படித்தவர்கள் பின்னாளில் கல்லூரிக்கு அதிகம் போனார்கள், அதிகம் சம்பாதித்தார்கள். வசதியான புறநகருக்கு இதில் இரட்டை அனுகூலம். சம்பளம் கூடுதலாகக் கொடுக்க முடிகிறது; வந்தவர்கள் விட்டுப் போவதும் குறைவு. ஏழை மாவட்டங்களில் ஓர் ஆசிரியர் தொழில் பழகி முடிப்பதற்குள் பக்கத்து மாவட்டத்துக்குப் போய்விடுகிறார். பழகாத கைகளிடமே பிள்ளைகள் மறுபடி மறுபடி ஒப்படைக்கப்படுகிறார்கள்.

வருகைப் பதிவையும் விட்டுவிட முடியாது. 180 நாள் பள்ளியாண்டில் 18 நாள் வராத பிள்ளையை ‘நாட்பட்ட வராமை’ உள்ளவர் என்று கணக்கிடுகிறார்கள். பெருந்தொற்றுக்கு முன் நாடு முழுவதும் சுமார் 15 விழுக்காடாக இருந்த இது, 2021-22-இல் 28 விழுக்காட்டை எட்டியது. இல்லாத பிள்ளைக்கு எந்த நல்ல ஆசிரியராலும் கற்றுத்தர இயலாது.

ஒரே மாவட்டத்துக்குள் இருக்கும் இடைவெளி, மாவட்டங்களுக்கிடையே உள்ளதைவிடப் புரிந்துகொள்ளக் கடினமானது. பெர்க்லி, சாப்பல் ஹில், எவன்ஸ்டன் போன்ற பல்கலைக்கழக ஊர்களில் வெள்ளைப் பிள்ளைகளுக்கும் கறுப்பினப் பிள்ளைகளுக்கும் உள்ள தூரம் நாட்டிலேயே மிக அதிகம் என்று ரியர்டனின் தரவு காட்டியது. கிளீவ்லண்டை ஒட்டிய ஷேக்கர் ஹைட்ஸ் இதற்குப் பெயர்போன எடுத்துக்காட்டு. 1950-களிலிருந்தே இரு இனத்தவரும் சேர்ந்து வாழ வேண்டும் என்று குடிமக்களே முயன்று கட்டிக் காத்த ஊர் அது. ஆயினும் உயர்தரப் பாட வகுப்புகளில் வெள்ளைப் பிள்ளைகளும் சாதாரண வகுப்புகளில் கறுப்பினப் பிள்ளைகளும் குவிந்தார்கள். கறுப்பினப் பெற்றோரின் அழைப்பின் பேரில் அங்கு ஆய்வு செய்த மானுடவியலாளர் ஜான் ஓக்பு 2003-இல் எழுதிய நூலில், மாணவர்களின் முயற்சிக் குறைவையும் பெற்றோரின் ஈடுபாட்டுக் குறைவையும் முதன்மையாகச் சுட்டினார். கடும் எதிர்ப்பு எழுந்தது. அதே ஊரில் ஆய்வு செய்த ரொனால்ட் ஃபெர்கூசன், படிப்பின் மீதான ஆர்வத்தில் அப்படியொரு வேறுபாடு இல்லை, இளவயதிலிருந்தே திரண்டு வந்த திறன் இடைவெளிதான் அடிப்படை என்று வாதிட்டார். ஃபெர்கூசன் சொல்வதே தரவோடு கூடுதலாகப் பொருந்துகிறது. பத்து வயதில் பிள்ளையை ஒரு வகுப்புப் பிரிவில் போட்டுவிட்டால், பிறகு அவர் படிக்கும் கணிதம், பழகும் நண்பர், அவரிடம் ஆசிரியர் வைக்கும் எதிர்பார்ப்பு எல்லாம் அந்தப் பிரிவைப் பின்பற்றியே அமைகின்றன. ஷேக்கர் ஹைட்ஸ் 2020-இல் தன் பல பாடங்களில் இந்தப் பிரிவுகளைக் கலைத்து எல்லோரையும் ஒரே வகுப்பில் அமர்த்தத் தொடங்கியது.

வெற்றி என்ற சொல்லுக்கு மதிப்பெண்ணைத் தவிர வேறு பொருள் வேண்டாமா என்ற கேள்வியை எழுப்பியவை, தரவரிசையின் உச்சியில் நிற்கும் மாவட்டங்களே. சுனியா லுத்தர் என்ற உளவியலாளர் 1990-களின் பிற்பகுதி முதல் வசதியான புறநகர் மாணவர்களை ஆராய்ந்து, போதைப் பழக்கமும் மனச்சோர்வும் பதற்றமும் அவர்களிடம் எதிர்பாராத அளவு மிகுந்திருப்பதைக் கண்டார். கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் 2009-லும் 2014-லும் தொடங்கி அடுத்தடுத்து நேர்ந்த மாணவர் தற்கொலைகள் நாட்டையே உலுக்கின; மத்திய அரசின் நோய்த் தடுப்பு மையம் 2016-இல் அங்கே ஆய்வுக் குழுவை அனுப்பியது. வறுமை, மன அதிர்ச்சி, பாகுபாடு ஆகியவற்றோடு, மிகையான சாதனை அழுத்தத்தையும் இளம்பருவ மனநலத்துக்குக் கேடான சூழல்களில் ஒன்றாக ராபர்ட் வுட் ஜான்சன் அறக்கட்டளையின் 2018 அறிக்கை பட்டியலிட்டது.

இந்த இடத்தில் தமிழ்க் குடும்பங்களும் கதைக்குள் வருகின்றன. எச்-1பி விசாவில் போய் எடிசன், ப்ளேனோ, நேப்பர்வில், கூப்பர்ட்டினோ போன்ற ஊர்களில் குடியேறும் தென்னிந்தியக் குடும்பங்கள் வீடு பார்க்கும்போது முதலில் விசாரிப்பது ‘ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் எப்படி’ என்பதைத்தான். தாங்கள் படிப்பால் மேலே வந்தவர்கள் என்பதால் அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. இந்திய, சீனக் குடும்பங்கள் மிகுந்த நியூ ஜெர்சியின் வெஸ்ட் விண்ட்சர்-ப்ளேன்ஸ்போரோ மாவட்டத்தில் 2015-இல் இது வெளிப்படையான பிளவாகவே மாறியது. மாணவர்களின் மன உளைச்சலைக் கண்ட சூப்பரின்டென்டென்ட் டேவிட் ஆடர்ஹோல்ட், உயர்நிலைப் பள்ளியின் அரையாண்டு, இறுதித் தேர்வுகளை நீக்கி, வீட்டுப்பாடம் இல்லாத இரவுகளை அறிவித்து, வேகக் கணித வகுப்பைச் சிறுவயதிலேயே தொடங்குவதை நிறுத்தினார். வெள்ளைப் பெற்றோரில் பலர் வரவேற்றார்கள். ஆசியப் பெற்றோரில் பலர், பரிந்துரையும் பரம்பரைச் செல்வாக்கும் இல்லாத தங்கள் பிள்ளைகளுக்குத் தேர்வு ஒன்றுதான் ஏணி, அதையும் எடுக்கிறார்களே என்று கொதித்தார்கள். இரு தரப்பின் அச்சமும் உண்மையானது. ஒரே பள்ளி ஒரு குடும்பத்துக்கு ஏணியாகவும் இன்னொன்றுக்குச் சுமையாகவும் தெரிகிறது.

மாவட்டங்களை நேர்மையாக ஒப்பிடத் தேவையான தரவு இன்று பொதுவெளியில் கிடைக்கிறது. 2002-இல் நடைமுறைக்கு வந்த மத்தியச் சட்டம், இனம், வருமானம், உடற்குறை, ஆங்கிலப் பழக்கம் வாரியாகத் தேர்வு முடிவுகளைப் பிரித்து வெளியிடச் சொன்னது. 2015-ஆம் ஆண்டின் சட்டம் பள்ளிவாரியாகத் தலைக்கு எவ்வளவு செலவு என்பதையும் வெளியிடச் சொன்னது. பல மாநிலங்கள் நாட்பட்ட வராமையையும் தர அளவீட்டில் சேர்த்துக்கொண்டன. ஒரு மாவட்டத்தின் அறிக்கையை எடுத்தால், சராசரி மதிப்பெண்ணுக்குப் பதிலாக மூன்றாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் இடையிலான நகர்வைப் பார்க்க வேண்டும். அங்கே இருக்கும் ஏழைப் பிள்ளைகள் வேறு மாவட்டத்து ஏழைப் பிள்ளைகளோடு ஒப்பிட எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். உயர் கணித வகுப்பில் யார் யார் அமர்ந்திருக்கிறார்கள், எத்தனை ஆசிரியர்கள் ஆண்டுதோறும் விட்டுப் போகிறார்கள் என்று கேட்க வேண்டும். இப்படிப் பார்க்கும்போது, தர எண்ணில் உயரே நிற்கும் சில புறநகர்களில் வளர்ச்சி நாட்டுச் சராசரிக்குக் கீழே இருப்பதும், யாரும் தேடி வீடு வாங்காத சில மாவட்டங்களில் அது மேலே இருப்பதும் தெரியவருகிறது.